ஜெர்மன் கரப்பானின் சொந்த ஊர்

2003 ஆகஸ்ட் மாதம் முதுகலைப் படிப்புக்காக டெக்சாஸ் வந்து சேர்ந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து இருபது நிமிட நடையில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம். இரண்டு அறை, மூன்று பேர். திருச்சிக்காரனான நான், மதுரையிலிருந்து ஒருவன், விஜயவாடாவிலிருந்து ஒருவன். மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டேன். அடுப்பு மேடையே ஒரு கணம் அசைந்ததுபோல் இருந்தது. நாற்பது ஐம்பது சின்னப் பூச்சிகள் நாலா பக்கமும் சிதறி, இரண்டு நொடியில் ஒன்றுகூட இல்லாமல் மறைந்துவிட்டன.

கரப்பான் எனக்குப் புதிதல்ல. ஆனால் ஊரில் நான் அறிந்த கரப்பான் கட்டைவிரல் நீளம் இருக்கும். செம்பழுப்பு நிறம். சாக்கடைப் பக்கமிருந்து ஒன்றிரண்டாக வரும், சில சமயம் முகத்துக்கு நேரே பறந்தும் வரும். அம்மா துடைப்பத்தை எடுப்பாள், கதை முடிந்துவிடும். இங்கே பார்த்தது விரல் நகம் அளவுதான். வெளிறிய பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். துடைப்பத்தால் தீர்க்கிற எண்ணிக்கை இல்லை.

மறுநாள் கட்டிட மேலாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது உங்கள் மசாலாச் சாமான்களோடு வருவது, நீங்கள் வருவதற்கு முன்னால் இந்தக் கட்டிடத்தில் இல்லை என்றார். குரலில் கோபம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். மருந்து அடித்ததற்கான எண்பது டாலர் எங்கள் முன்பணத்தில் கழிக்கப்பட்டது. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம்.

இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்த மன்னிப்புதான். வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பெட்டியில் இருந்த சாம்பார்ப் பொடியின் முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் மதுரைக்காரன், "டேய், நம்ம அரிசி மூட்டையிலதான் வந்திருக்குமோ?" என்று கேட்டான். மூவரும் உட்கார்ந்து அரிசியைச் சலித்துப் பார்த்தோம். தாளிப்பதை நிறுத்தினோம். ஊருக்குப் போன் பேசும்போது இந்த விஷயத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, துணி துவைக்கும் அறையில் கீழ்வீட்டு மெக்சிகோ அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது உண்மை தெரிந்தது. பல வருடங்களாக அங்கே குடியிருப்பவர். நான் கேட்டதும் சிரித்தார். "எங்களிடம் சோள ரொட்டியோடு வருகிறது என்றார்கள்" என்றார்.

*

இருபது ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. டெக்சாஸ் சமையலறையில் நான் பார்த்த அதே பூச்சியின் பூர்வீகத்தைப் பற்றியது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பூச்சியியல் படித்தவனல்ல. கணினித் துறையில் ஆலோசகனாக வேலை பார்ப்பவன். ஒரு பிழை எந்த இடத்தில் உள்ளே நுழைந்தது என்று பின்னோக்கித் தேடிப் போவது என் தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தில் சேர்த்தவைதான் இங்கே எழுதுபவை.

அந்தச் சிறிய பூச்சிக்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். ஸ்வீடன் நாட்டு இயற்கையாளர் லின்னேயஸ் 1767இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'ஜெர்மானிக்கா' என்று சேர்த்தார். அந்தச் சமயத்தில் ஐரோப்பா ஏழாண்டுப் போரை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ரஷ்யர்கள் இந்தப் பூச்சியைப் 'புருசாக்' என்றார்கள், அதாவது பிரஷ்யாக்காரன். பிரஷ்யர்களோ இதை ரஷ்யப் பூச்சி என்றார்கள். படைகளின் உணவு மூட்டைகளோடு பூச்சியும் நகர்ந்தது. தங்கள் அடுப்படியில் அதைப் பார்த்தவர்கள் எதிரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். எங்கள் மேலாளர் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. இருநூற்றைம்பது வருடப் பழக்கம்.

ஊரில் பார்த்த பெரிய கரப்பானின் கதை இதற்குத் தலைகீழ். பள்ளியில் விலங்கியல் படித்தவர்களுக்குப் 'பெரிபிளனேட்டா அமெரிக்கானா' என்ற பெயர் மறந்திருக்காது. வாயுறுப்புகளைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டச் சொன்ன ஆசிரியரும் ஞாபகத்தில் இருப்பார். 1758இல் அதற்கு அமெரிக்கப் பெயர் வைத்தவரும் லின்னேயஸ்தான். ஆனால் அது அமெரிக்கப் பூச்சி அல்ல. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜேம்ஸ் ரென் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில், வீட்டுக் கரப்பான்கள் பலவற்றின் தாயகம் ஆப்பிரிக்கா என்றும், அடிமை வணிகக் கப்பல்கள் அவற்றை அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுசென்றன என்றும் வாதிட்டார். ஆக, திருச்சியில் எங்கள் சாக்கடையிலிருந்து வந்தது அமெரிக்கப் பெயர் தாங்கிய ஆப்பிரிக்கக் கரப்பான். அப்படியானால் டெக்சாஸில் நான் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட ஜெர்மன் கரப்பான் எந்த ஊர்?

2024 கட்டுரை அதற்கு விடை சொன்னது. சியான் டாங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைச் சேகரித்து அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். ஜெர்மன் கரப்பானுக்கு மிக நெருங்கிய உறவு ஆசியக் கரப்பான் என்ற இனம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஆசியக் கரப்பான் வெளியில் வாழ்வது, நன்றாகப் பறப்பது, விளக்கைத் தேடி வருவது. ஜெர்மன் கரப்பான் பறக்காது, வெளிச்சத்தைக் கண்டால் ஓடும், மனிதர்கள் கட்டிய கட்டிடங்களுக்கு வெளியே எங்கும் வாழ்வதில்லை. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியாவிலோ மியான்மரிலோ, வயல்வெளிப் பூச்சி ஒன்று மனிதக் குடியிருப்புக்குள் புகுந்து, திரும்பிப் போகாமல், தனி இனமாகிவிட்டது.

படித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. மேலாளர் சொன்னது சரியாகிவிட்டதே! இது எங்கள் பக்கத்துப் பூச்சிதான். 2,100 ஆண்டுகளுக்கு முன்னால் என்றால் நம் கணக்கில் சங்க காலம். ஆனால் அது எப்படி அங்கே போனது என்ற பகுதியைப் படித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

*

மரபணுக்கள் காட்டும் பாதைகள் இரண்டு. முதலாவது மேற்கே. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன், உமையாத், அப்பாசிய கலீபாக்களின் வணிகமும் படையெடுப்பும் விரிந்த காலத்தை ஒட்டி, பூச்சி மத்தியக் கிழக்கை அடைந்தது. இரண்டாவது கிழக்கே. சுமார் 390 ஆண்டுகளுக்கு முன், அதாவது 1630களை ஒட்டி, இன்றைய இந்தோனேசியாவை அடைந்தது. ஐரோப்பியக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் அந்தக் கடலில் ஓடத் தொடங்கிய காலம் அது.

இந்த இரண்டாவது பாதையைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு வரைபடம் கண்முன் வரும். டச்சுக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் அப்போது பழவேற்காடு. பின்னால், 1658இல், நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போனது. அங்கிருந்து துணி மூட்டைகள் பத்தேவியாவுக்குப் போயின. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். பூச்சி எந்தத் துறைமுகத்தில், எந்தக் கப்பலில் ஏறியது என்று மரபணு சொல்லாது. ஆனால் அந்தக் கப்பல்களின் சொந்தக்காரர்கள் யார், மூட்டை கட்டியவர்கள் யார், சுமந்து ஏற்றியவர்கள் யார் என்பதை வரலாறு சொல்லும்.

ஐரோப்பாவுக்குள் பூச்சி நுழைந்தது சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்புதான். லின்னேயஸ் பெயர் வைத்த காலத்தில் அது அங்கே புதுக்குடி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயர் சூட்டப்பட்ட அடுத்த ஆண்டே, 1768இல், லின்னேயஸின் மாணவரான கோனிக் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் மருத்துவராக வந்து இறங்கினார். நம் கரையின் செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஜெர்மன் என்று தம் ஆசிரியர் பெயர் வைத்த பூச்சியின் தாய்நாடு அவர் கால் வைத்த இந்தப் பக்கம்தான் என்பது தெரியவர இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலிருந்து உலகின் மற்ற இடங்களுக்கு அது பரவியது இன்னும் அண்மையில், சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்புதான். நீராவிக் கப்பல் பயண நாட்களைக் குறைத்தது. குழாய்த் தண்ணீரும் வெப்பமூட்டிய கட்டிடங்களும் குளிர் நாடுகளில் அதற்கு நிரந்தர வெயில் காலத்தைக் கொடுத்தன. நியூயார்க் மக்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். 1842இல் குரோட்டன் ஆற்றிலிருந்து நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு சமையலறையில் பூச்சியும் பெருகியதைக் கண்டவர்கள் அதைக் குரோட்டன் பூச்சி என்று அழைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பூச்சிக்கு வைத்த பெயர்களிலேயே கொஞ்சமாவது நியாயமான பெயர் இதுதான். யாரையும் குற்றம் சொல்லவில்லை, குழாயைச் சொல்கிறது.

*

பெயர் வைப்பதோடு யாரும் நிற்கவில்லை. பூச்சியைச் சுமப்பவர் என்று சந்தேகப்பட்டவரைப் பிடித்துக் கழுவவும் செய்தார்கள்.

நான் படித்த டெக்சாஸில் எல் பாசோ என்ற எல்லை நகரம் இருக்கிறது. அக்கரையில் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெஸ். வீட்டு வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் தினமும் பாலம் கடந்து வருபவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1917 ஜனவரியில் பேன் ஒழிப்பு என்று அவர்களுக்கு ஒரு விதி வந்தது. உடைகளைக் களைந்து, மண்ணெண்ணெய் கலந்த கரைசலில் குளித்தால்தான் பாலம் கடக்கலாம். பேன் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் என்பது உண்மை, பயம் பொய்யல்ல. ஆனால் முந்தைய ஆண்டு மார்ச்சில்தான் அதே நகரச் சிறையில், இதே போன்ற எரியக்கூடிய மருந்துக் குளியலின்போது தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்ட கைதிகள் இறந்திருந்தார்கள். ஜனவரி 28 காலை, கார்மெலிட்டா டோரஸ் என்ற பதினேழு வயதுப் பணிப்பெண் குளிக்க மாட்டேன் என்று மறுத்தாள். கூட வந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பாலத்தில் டிராம் வண்டிகள் நின்றன. கலவரம் அடங்கியது. குளியல் மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

நமக்கும் ஒரு எல் பாசோ உண்டு. அதன் பெயர் மண்டபம். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்தபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் இந்த வழியாகவே போனார்கள். இந்திய மண்ணில், ஆனால் இலங்கை அரசின் பொறுப்பில், மண்டபத்தில் ஒரு முகாம் நடந்தது. தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் அங்கே நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டார்கள். உடம்பைச் சோதித்தார்கள், அம்மை குத்தினார்கள், துணிமணிகளைக் கிருமி நீக்கம் செய்தார்கள். அதன் பிறகுதான் கப்பல். காலராவும் அம்மையும் அந்தக் காலத்தில் விளையாட்டல்ல. சோதனைக்குக் காரணம் இருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த லயன் அறை ஒரு குடும்பத்துக்கே போதாது. மூட்டையை அலசிப் பார்த்தவர்கள் அந்தச் சுவர்களை அந்த அக்கறையோடு பார்க்கவில்லை.

மண்டபம் கேம்ப் என்பது இன்றும் ஊர்ப் பெயராகவே இருக்கிறது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து படகில் வந்தவர்கள் பலர் முதலில் தங்கவைக்கப்பட்டதும் அங்கேதான். இந்த இதழைப் படிப்பவர்களில் சிலருக்கு அந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

மற்றவர்களை மட்டும் சொல்லி இந்தப் பகுதியை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டி வீட்டில் பூச்சிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் இருந்தது. அரிசியில் வண்டு விழாமல் இருக்க வேப்பிலையும் காய்ந்த மிளகாயும். எறும்புக்குச் சாப்பாட்டு அலமாரியின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம். பட்டுப்புடவைக்கு அந்துருண்டை. தாத்தாவின் புத்தகங்களை ராமபாணப்பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பு. மூட்டைப்பூச்சிக்குச் சித்திரை வெயிலில் கட்டிலைப் போட்டு, கயிற்று இடுக்குகளில் கொதிநீர். இவற்றையெல்லாம் ஆசையாக நினைத்துக்கொள்வேன். ஆனால் அதே வீட்டில், வேலைக்கு வந்த அம்மாவுக்குத் திண்ணையில் தனிப் பாய். ஏன் என்று கேட்டதற்கு, அவள் பாயிலிருந்து மூட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்றாள் பாட்டி. கோபமில்லாமல்தான் சொன்னாள். மழை பெய்கிறது என்று சொல்வதுபோல்.

*

மருந்துகளின் கதைக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் சக்தியைக் கண்டறிந்தார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையில் அதன் வெற்றியும் தோல்வியும் பாடப்புத்தகத்துக்கு ஏற்றவை. வீட்டுச் சுவர்களில் மருந்தடித்ததில் 1963இல் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேராகக் குறைந்தார்கள். மருந்தடிப்பது நிறுத்தப்பட்டது. 1968, 69இல் நோய் மீண்டும் வெடித்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. மருந்து இருந்தால் போதாது, தொடர்ந்து கவனிக்கும் ஆள் வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

கரப்பானுக்கு டி.டி.டி.யை விடக் குளோர்டேன் என்ற மருந்து நன்றாக வேலை செய்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் கரப்பான் பிரச்சினை தீர்ந்தது என்றே பலர் நம்பினார்கள். சில ஆண்டுகளிலேயே டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்தில் மருந்தடித்த பிறகும் பூச்சிகள் நடமாடின. ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவற்றுக்குக் குளோர்டேன் பழகிவிட்டிருந்தது. 1953இல் அந்த ஆய்வு வெளியானது. அதன்பின் வந்த மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் இதே முடிவுதான்.

காரணம் அதன் வாழ்க்கை முறையில் இருக்கிறது. ஒரு தாய்ப்பூச்சி முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட உறையைத் தன் உடம்போடு ஒட்டியே சுமக்கிறது. குஞ்சு பொரிக்கும் தறுவாயில்தான் இறக்கி வைக்கிறது. ஓர் ஆண்டுக்குள் மூன்று நான்கு தலைமுறைகள். நூறில் தொண்ணூற்றொன்பதைக் கொல்லும் மருந்தை அடித்தால், மிஞ்சிய ஒன்றின் பிள்ளைகள்தான் அடுத்த ஆண்டின் கூட்டம். அவற்றை அந்த மருந்து அசைக்காது. எங்கள் தொழிலில் ஓட்டையின் காரணத்தைத் தேடாமல் மேலே ஒட்டுப் போட்டுக்கொண்டே போகும் மென்பொருளுக்கும் இதே கதிதான்.

1980களில் தெளிப்பதை விட்டு ஊட்டுவதற்கு மாறினார்கள். இனிப்போடு விஷம் கலந்த இரை. தின்ற பூச்சி தன் மறைவிடத்துக்குப் போய்ச் செத்தது. அதன் கழிவைத் தின்ற குஞ்சுகளும் செத்தன. அடுத்தவர் வீட்டுக் காற்றைக் கெடுக்காத நல்ல முறை. ஆனால் புளோரிடாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இரை வைத்தும் பூச்சிகள் அப்படியே இருந்தன. ஜூல்ஸ் சில்வர்மேன் என்ற ஆய்வாளர் விடாமல் ஆராய்ந்தார். அந்தப் பூச்சிகள் இரையைத் தொடவே இல்லை. அவை வெறுத்தது விஷத்தை அல்ல, அதில் கலந்த குளுக்கோஸை. அந்த வெறுப்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று 1993இல் எழுதினார். 2013இல் அவரும் ஆயாகோ வாடா-கட்சுமாதா, கோபி ஷால் ஆகியோரும் சேர்ந்து அடுத்த முடிச்சை அவிழ்த்தார்கள். அந்தப் பூச்சிகளின் கசப்பை உணரும் நரம்புகளே குளுக்கோஸுக்கும் சிலிர்த்தன. இனிப்பு அவற்றுக்குக் கசந்தது. சில ஆண்டுகளுக்குள் ஓர் உயிர் தன் நாக்கையே மாற்றிக்கொண்டுவிட்டது.

'கரத்தல்' என்றால் ஒளித்தல். கரப்பான் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வினைதான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'கரப்பொத்தான்' என்பார்கள். அதிலும் அது ஒலிக்கிறது. சில மில்லிமீட்டர் இடுக்கு, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு. இந்த மூன்றும் இருக்கும்வரை எந்த மருந்தும் தற்காலிகம்.

இடுக்கும் ஈரமும் யார் வீட்டில் இருக்கின்றன? பழைய கட்டிடம், ஒழுகும் குழாய், பழுது பார்க்காத சுவர். வாடகை குறைவான வீடு. அங்கே குடியேறுவது புதிதாக வந்தவர்களும் பணமில்லாதவர்களும். அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில் வாழும் ஆஸ்துமாக் குழந்தைகளைப் பற்றி 1997இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அந்தக் குழந்தைகளில் சுமார் 37 சதவீதத்தினருக்குக் கரப்பான் ஒவ்வாமை இருந்தது. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளின் படுக்கையறைத் தூசியில் கரப்பானின் எச்சம் மிக அதிகமாக இருந்தது. ஒவ்வாமையும் அதிக எச்சமும் சேர்ந்து வாய்த்த குழந்தைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கரப்பான் வெறும் அருவருப்பு அல்ல, மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் என்பது அதன்பின் தெளிவானது.

2018இல் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாடகைக் குடியிருப்புகளில் பூச்சி வந்தால் அதற்குக் காரணமான ஓட்டையையும் கசிவையும் கட்டிட உரிமையாளர் சரிசெய்ய வேண்டும். மருந்தடித்துவிட்டுப் போவது போதாது. என் கண்ணில் இது முல்லரின் நோபல் பரிசுக்குக் குறைந்த விஷயமல்ல. கேள்வியே மாறிவிட்டது. யார் கொண்டுவந்தது என்பது போய், எந்த வழியாக வருகிறது என்று ஆனது.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நடந்தது.

ஜெர்சி சிட்டியில் எங்களுக்கு ஒரு சிறிய வீடு இருக்கிறது. பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த வீடு, இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு சேலத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். கைக்குழந்தை உண்டு. ஒரு நாள் இரவு அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சிங்க் அருகே இரண்டு கறுப்புக் கோடு போட்ட சின்னப் பூச்சி. "அண்ணா, இது நிறைய இருக்கு. பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா, பயமா இருக்கு."

அலுவலகக் கூட்டம் ஒன்றின் நடுவே இருந்தேன். யோசிக்காமல் பதில் தட்டினேன். சமைத்ததும் மேடையை உடனே துடைத்துவிடுங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி, பருப்புப் பொட்டலங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "சாரி அண்ணா. இனிமே கவனமா இருக்கோம்."

மேலே எழுதியவற்றில் பாதியை அப்போதே எழுதி முடித்திருந்தேன். மண்டபமும் எல் பாசோவும் என் கணினியில் திறந்திருந்தன. அவளுடைய 'சாரி'யை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை டார்ச் விளக்கோடு போனேன். சிங்குக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்தபோது எனக்கே தெரிந்த ஓர் இடம் கண்ணில் பட்டது. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. நாங்கள் குடியிருந்தபோதே இருந்த ஓட்டை. அப்போது நான் அதன் முன்னால் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து மறைத்தேன். மறைத்த பிறகு மறந்தும்விட்டேன். அந்தக் குழாய் ஐந்து மாடிக்கும் பொது.

இரும்புக் கம்பி நாரைத் திணித்து மேலே பசை பூசினேன். சொட்டிக்கொண்டிருந்த மூட்டை இறுக்கினேன். குழந்தைக்கு எட்டாத இடுக்குகளில் ஜெல் மருந்து வைத்தேன். நான்கு மூலையில் ஒட்டும் அட்டை. கட்டிட நிர்வாகத்துக்கு, ஐந்து மாடிக்கும் குழாய் வழியை அடைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறேன். முதல் வாரம் அட்டைகளில் 41 பூச்சி. மூன்றாம் வாரம் 12. ஆறாம் வாரம் இரண்டு.

அன்று வேலை முடிந்து கை கழுவும்போது அந்தப் பெண் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் கணவன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். நான் அவர்களிடம் ஓட்டையைக் காட்டி, இது நாங்கள் இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது, அன்று நான் அனுப்பிய செய்தி தவறு என்றேன். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பூசின இடத்தைப் பார்த்தாள்.

"அப்ப எங்க பருப்புல வரலையா அண்ணா?" என்றாள். "ரெண்டு நாளா எல்லாத்தையும் கொட்டிச் சலிச்சேன்."